கூடத்தில் சத்தமில்லாத சினிமா: சூடேறாத மதர்போர்டைத் தேர்ந்தெடுக்கும் வழி

2006 இல் எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவிக்குப் பின்னால் ஒரு கணினியை வைத்துப் படம் பார்க்கத் தொடங்கினேன். ஆறு மாதம் வரை எந்தக் குறையும் தெரியவில்லை. ஒரு மார்கழி இரவில் குளிர் தாங்காமல் மின்விசிறியை நிறுத்தினோம். திரையில் யாரும் பேசாத காட்சி. அம்மா சட்டென்று நிமிர்ந்து, "என்னப்பா, டிவிக்குப் பின்னால் வண்டு ஏதாவது புகுந்துவிட்டதா?" என்று கேட்டார்.

வண்டு இல்லை. கணினியின் பாகங்கள் எல்லாம் செருகப்படும் பலகையான மதர்போர்டின் நடுவில், பாகங்களுக்கிடையே தகவலைக் கடத்தும் சிப்செட்டின் தலையில் உட்கார்ந்திருந்த, தீப்பெட்டி அளவே உள்ள 40 மில்லிமீட்டர் ஃபேன் அது. அதன் சுழல்முனை உலர்ந்து போயிருந்தது. ஒரு சொட்டுத் தையல் எந்திர எண்ணெய் விட்டேன். மூன்று வாரம் அமைதியாக இருந்தது, பிறகு மறுபடியும் ரீங்காரம். அந்த ஃபேனைப் பிடுங்கவும் முடியாது, ஏனென்றால் அதன் கீழே இருந்த சிப் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. கடைசியில் போர்டையே மாற்றினேன்.

சத்தம் வேண்டாம் என்பவரிடம் எல்லோரும் "நல்ல ஃபேன் வாங்கு" என்பார்கள். அது இரண்டாவது வேலை. சூட்டைக் குறைவாக உண்டாக்குகிற போர்டை வாங்குவதுதான் முதல் வேலை. ஃபேனின் சுழல் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் ஒலி ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். அப்படிப் பாதி வேகத்தில் ஓட அனுமதிப்பது போர்டின் கையில் இருக்கிறது. முதல்முறை வாங்குகிறவர்கள் எந்த வரிசையில் யோசிக்க வேண்டுமோ அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதல் படி: என்ன பார்க்கப் போகிறீர்கள்?

போர்டைப் பற்றிப் பேசும் முன் இதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யூடியூபா, ஓடிடியா, வன்தட்டில் சேர்த்து வைத்திருக்கும் 4கே படங்களா? இதற்கும் சூட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. காணொளிக் கோப்பு சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. அதை விரிப்பதற்கென்றே பிராசஸருக்குள் ஒரு தனிப் பகுதி இருக்கும். உங்கள் கோப்பின் சுருக்க முறை அந்தப் பகுதிக்குத் தெரிந்திருந்தால் சில வாட் மின்சாரத்தில் வேலை முடிந்துவிடும். தெரியாவிட்டால் பிராசஸரின் எல்லா உட்கருக்களும் (கோர்) சேர்ந்து அந்தச் சுமையை இழுக்கும், ஃபேன் அலறத் தொடங்கும். ஒரே படம், ஒரே திரை. ஒரு கணினியில் ஊசி விழுந்தால் கேட்கும், இன்னொன்றில் வசனம் கேட்காது.

யூடியூப் 4கே காணொளிகளை விபி9 அல்லது ஏவி1 முறையில்தான் அனுப்புகிறது. 4கே படக் கோப்புகள் பெரும்பாலும் 10 பிட் எச்இவிசி என்ற முறையில் இருக்கும். இன்டெலில் 7வது தலைமுறையிலிருந்து 10 பிட் எச்இவிசியும் விபி9உம் வன்பொருளிலேயே விரியும்; ஏவி1 விரிய 11வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். ஏஎம்டியில் 2021 இல் வந்த ரைசன் 5 5600ஜி மிக நல்ல பிராசஸர்தான், ஆனால் அதற்கு ஏவி1 தெரியாது. மேசைக் கணினிக்கான ரைசன் 7000 வரிசையிலிருந்து தெரியும். இன்று புதிதாக வாங்குகிறவர் ஏவி1 இல்லாத எதையும் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு பொறி இருக்கிறது. இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதில் கிராஃபிக்ஸ் பகுதி வேலை செய்யாது. ஐ3-12100எஃப் மலிவாகக் கிடைப்பது அதனால்தான். அதை வாங்கிவிட்டுப் பிறகு தனி கிராஃபிக்ஸ் கார்டு செருகினால், வீட்டுக்குள் இன்னொரு அடுப்பைக் கொண்டு வந்ததாகிவிடும். ஏஎம்டியில் ரைசன் 5 5500, 5600 போன்றவற்றிலும் கிராஃபிக்ஸ் கிடையாது.

இரண்டாம் படி: வாட் கணக்கு

இந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது.

ஒன்று, பிராசஸர் ஏற்கெனவே போர்டில் பற்றவைத்து வரும் வகை. 2023 இன் தொடக்கத்தில் வந்த இன்டெல் என்100 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நான்கு உட்கருக்கள், 6 வாட் என்ற அளவு, ஏவி1 விரிக்கும் திறன். தனிச் சிப்செட் கிடையாது, எல்லாம் ஒரே சில்லில். ஏசஸ் பிரைம் என்100ஐ-டி டி4 என்ற போர்டு ஃபேனே இல்லாமல், சூட்டை வாங்கிக் காற்றில் விடும் ஓர் அலுமினியக் கட்டியுடன் (ஹீட் சிங்க்) வருகிறது. மடிக்கணினியில் போடும் சிறிய டிடிஆர்4 ரேம் ஒன்று போதும். ஏஎஸ்ராக் என்100டிசி-ஐடிஎக்ஸ் இன்னும் ஒரு படி மேல்: மடிக்கணினிக்குச் செருகுவது போன்ற 19 வோல்ட் அடாப்டரை நேரடியாகப் போர்டிலேயே செருகலாம். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி தேவையில்லை, எனவே அதன் ஃபேனும் இல்லை. வன்தட்டுக்குப் பதில் சுழலாத எஸ்எஸ்டியும் போட்டுவிட்டால் அந்தக் கணினிக்குள் சுழலும் பொருள் ஒன்றுகூட இருக்காது.

இரண்டாவது, சாக்கெட்டில் பிராசஸரைத் தனியாகப் பொருத்தும் வகை. ஐ3-12100, ரைசன் 5 8500ஜி போன்றவை இதில் சேரும். இதற்குப் போர்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் அதிகம் வேண்டும். இந்தக் கட்டுரையின் மீதிப் பெரும்பகுதி அதைப் பற்றியது.

படம் மட்டும் பார்ப்பேன், பாட்டுக் கேட்பேன், பிள்ளைகள் யூடியூப் பார்ப்பார்கள் என்றால் என்100 வகையோடு நின்றுவிடுங்கள். அதற்குமேல் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் சூடாகத்தான் திரும்பி வரும். விளையாட்டு, காணொளித் தொகுப்பு, நான்கைந்து வன்தட்டுகள் என்று விரிவாக யோசிப்பவர்கள் இரண்டாவது பாதைக்கு வாருங்கள். பழைய பொருள் சந்தையில் ஜே4105, ஜே5005 வகை ஃபேனில்லாப் போர்டுகள் கிடைக்கும். அவையும் சூடாகாது, எச்இவிசியும் ஓடும். ஆனால் ஏவி1 இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம்.

மூன்றாம் படி: விஆர்எம், சூட்டின் பிறப்பிடம்

பிராசஸரின் இடப்பக்கமும் மேல்பக்கமும் வரிசையாக நிற்கும் சாம்பல் நிறச் சதுரக் கட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை சோக் எனப்படும் கம்பிச்சுருள்கள். அவற்றை ஒட்டி, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதாக, கறுப்பாகப் படுத்திருப்பவை மாஸ்ஃபெட் என்னும் மின் சுவிட்சுகள். இவையும், மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் அருகிலுள்ள கெபாசிட்டர்களும் சேர்ந்த பகுதிக்கு விஆர்எம் என்று பெயர். எஸ்எம்பிஎஸ் அனுப்பும் 12 வோல்ட்டைப் பிராசஸர் கேட்கும் சுமார் 1.2 வோல்ட்டுக்கு இறக்குவது இதன் வேலை.

சாதாரண வேலைபோல் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 65 வாட்டை 1.2 வோல்ட்டில் கொடுக்க 54 ஆம்பியர் ஓட வேண்டும். சமையலறையில் சட்னி அரைக்கும் 750 வாட் மிக்ஸி 230 வோல்ட்டில் இழுப்பதே 3 ஆம்பியர் சொச்சம்தான். உள்ளங்கையில் பாதி அளவு இடத்தில் அதைப்போல் பதினாறு, பதினேழு மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. சூடு பிறக்காமல் என்ன செய்யும்?

மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியின் தடையால் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். இதைத் தலைகீழாகத் திருப்பினால் நமக்கு வேண்டிய வழி கிடைத்துவிடும். ஒரு சோக்கும் அதற்குரிய மாஸ்ஃபெட்டுகளும் சேர்ந்தது ஒரு கட்டம். மூன்று கட்டங்கள் உள்ள போர்டில் ஒவ்வொன்றும் 18 ஆம்பியர் சுமக்கும். ஆறு கட்டங்கள் என்றால் 9 ஆம்பியர்தான். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தச் சூடு கால் பங்காகிறது, மொத்தத்தில் பாதியாகிறது. மூன்று பேர் தூக்கித் திணறும் பீரோவை ஆறு பேர் பேசிக்கொண்டே தூக்கிப் போவதைப் போல. அதற்காக 16 கட்டங்கள் உள்ள விலையுயர்ந்த போர்டுக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு கட்டமும் தன் பங்குக்கு ஒரு சிறு இழப்பை வைத்திருக்கும், சும்மா இருக்கும் நேரத்தில் அது வீண். நம் வேலைக்கு ஆறு முதல் எட்டு வரை போதும்.

விவரக் குறிப்பில் '6+1+1' என்று எழுதியிருப்பார்கள். முதல் எண் பிராசஸர் உட்கருக்களுக்கு, இரண்டாவது கிராஃபிக்ஸ் பகுதிக்கு, மூன்றாவது மற்றத் துணைப் பகுதிகளுக்கு. தனி கார்டு போட்டு விளையாடுகிறவர்கள் இரண்டாவது எண்ணைக் கண்டுகொள்ள மாட்டார்கள். நமக்கு அது முக்கியம், ஏனென்றால் நம் படம் முழுவதும் அந்தப் பகுதியில்தான் ஓடுகிறது.

அடுத்து ஹீட் சிங்க். போர்டின் படத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். மாஸ்ஃபெட் வரிசையின் மேல் அலுமினியக் கட்டி இருக்கிறதா? அது திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா, பிளாஸ்டிக் ஊசியால் குத்தப்பட்டிருக்கிறதா? துடுப்புகள் வெட்டப்பட்டிருக்கின்றனவா, அல்லது மேலே பளபளக்கும் பிளாஸ்டிக் மூடி மட்டும்தானா? காற்று நுழைய இடமில்லாத அலங்கார மூடியைவிட, பார்க்க அழகில்லாத துடுப்புக் கட்டி பல மடங்கு மேல். மிக மலிவான போர்டுகளில் மாஸ்ஃபெட்டின் மேல் எதுவுமே இருக்காது. 35 வாட் பிராசஸருக்கு அது போதும். 65 வாட்டுக்கு, அதுவும் நம் ஊர்க் கோடையில், நான் அதை வாங்க மாட்டேன்.

கோடையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். போர்டுகளைச் சோதித்து எழுதுகிறவர்களில் பலர் 20 முதல் 25 டிகிரி வெப்பமுள்ள அறையில் சோதிக்கிறார்கள். திருச்சியிலும் வேலூரிலும் அக்னி நட்சத்திர நாளில் ஏசி இல்லாத கூடத்தின் வெப்பம் அதைவிடக் குறைந்தது 12 டிகிரி கூடுதல். அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, போர்டின் பாகங்களும் ஏறக்குறைய அத்தனை டிகிரி ஏறும். 'விஆர்எம் 75 டிகிரிதான்' என்று எங்காவது படித்தால், மனதிற்குள் 87 என்று திருத்திக்கொள்ளுங்கள்.

87 டிகிரியில் மாஸ்ஃபெட் செத்துவிடாது. பக்கத்தில் நிற்கும் கெபாசிட்டரை நினைத்துத்தான் கவலை. 105 டிகிரியில் 5,000 மணி நேரம் உழைக்கும் என்று உத்தரவாதம் தரப்பட்ட திரவ வகைக் கெபாசிட்டர், 10 டிகிரி குறையும்போதெல்லாம் இரு மடங்கு ஆயுள் பெறும். 85 டிகிரியில் அது 20,000 மணி நேரம். திட பாலிமர் வகை 20 டிகிரி குறைந்தால் பத்து மடங்கு நீடிக்கும்: அதே 85 டிகிரியில் 50,000 மணி நேரம். 2000களின் தொடக்கத்தில் உலகெங்கும் மதர்போர்டுகளில் கெபாசிட்டர்கள் உப்பிக் கசிந்த கதையைப் பழைய சர்வீஸ்காரர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்று பெரும்பாலான போர்டுகளில் பாலிமர்தான். மேல்பகுதி வெட்டுக்குறி இல்லாமல் மழமழவென்று இருந்தால் அது பாலிமர். கூட்டல் குறிபோலக் கீறியிருந்தால் திரவ வகை. படத்திலேயே தெரியும்.

நான்காம் படி: சிப்செட்

இன்டெலின் எச்610, பி660, பி760 எல்லாம் 6 வாட் அளவுள்ளவை. ஒரு சிறு அலுமினியத் துண்டு போதும், ஃபேன் தேவையில்லை. ஏஎம்டியின் எக்ஸ்570, 2019 இல் வந்தபோது சுமார் 11 வாட் எடுத்தது. அதனால் பெரும்பாலான எக்ஸ்570 போர்டுகளில் சிப்செட்டின் மேல் சிறு ஃபேன் ஒன்று வந்து சேர்ந்தது. என் அம்மா கேட்ட வண்டின் உறவினர். 2021 இல் வந்த எக்ஸ்570எஸ் போர்டுகளில் அது இல்லை. 2020 இல் வந்த பி550 இலும் தேவைப்படவில்லை. எக்ஸ்670இல் இரண்டு சில்லுகள். நமக்குத் தேவைப்படாத இணைப்புகளுக்காக இரண்டு சில்லுகளைச் சூடாக்குவானேன்? பெயரில் எச், பி, ஏ என்று தொடங்கும் எளிய சிப்செட்டுகளோடு நின்றுகொள்ளுங்கள்.

பழைய பொருளாக வாங்கினாலும் இந்த ஒரு விதியைத் தளர்த்தாதீர்கள்: போர்டின் மேல் நிரந்தரமாகப் பொருத்திய 30, 40 மில்லிமீட்டர் ஃபேன் இருந்தால் வேண்டாம். சிறிய ஃபேன் காற்றைத் தள்ள வேகமாகச் சுழன்றாக வேண்டும், வேகமாகச் சுழன்றால் கிறீச்சென்ற ஒலி தவிர்க்க முடியாது.

ஐந்தாம் படி: அளவு

வீட்டுத் திரையரங்கக் கணினி என்றாலே மினி-ஐடிஎக்ஸ் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 2001 இல் வியா நிறுவனம் கொண்டுவந்த இந்த 170க்கு 170 மில்லிமீட்டர் அளவு அழகானதுதான். ஃபேனில்லா என்100 வகைக்கு அதுவே சரி. சாக்கெட் வகைக்கு நான் மைக்ரோ-ஏடிஎக்ஸ் பக்கம் சாய்கிறேன். 244 மில்லிமீட்டர் சதுரத்தில் பாகங்கள் மூச்சுவிடும் இடைவெளியோடு நிற்கும். தாமிரப் பரப்பு அதிகம் என்பதால் போர்டே ஒரு ஹீட் சிங்க் போலச் சூட்டைப் பரப்பும். அதே தரத்தில் விலையும் குறைவு. மினி-ஐடிஎக்ஸில் பெரும்பாலும் எம்.2 எஸ்எஸ்டி ஒன்று போர்டின் முதுகுப் பக்கம் போய்விடும். அங்கே காற்றே கிடையாது. அந்த இடத்தில் வேகமான எஸ்எஸ்டியைப் போட்டால் வெந்துவிடும். படம் பார்க்க, வேகம் குறைந்த பிசிஐஇ 3.0 வகையே தாராளம், அது குறைவாகவே சூடாகும்.

ஸ்ட்ரீகாம், எச்டிபிளெக்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்யும் ஃபேனில்லாக் கேபினட்டுகளை வாங்க எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் வெப்பக் குழாய்கள் பிராசஸரிலிருந்து கேபினட்டின் பக்கச் சுவருக்கு ஓடும். குழாய் போகும் வழியில் உயரமான விஆர்எம் ஹீட் சிங்க்கோ ரேமோ நின்றால் பொருந்தாது. சாக்கெட் போர்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அளந்துவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள்.

ஆறாம் படி: ஃபேனை அடக்கும் அறிவு போர்டுக்கு இருக்கிறதா?

மலிவான போர்டுக்கும் நல்ல போர்டுக்கும் உள்ள வேறுபாடு காதுக்குத் தெரிவது இங்கேதான். ஆனால் வாங்கும்போது யாரும் பார்ப்பதில்லை.

போர்டில் ஃபேன் செருகும் முனைகள் நான்கு ஊசிகளோடு இருக்கும். ஒன்று தரை, ஒன்று 12 வோல்ட், ஒன்று சுழல் வேகத்தைச் சொல்ல, நான்காவது வேகத்தைக் கட்டுப்படுத்த. பிடபிள்யூஎம் ஃபேன் அந்த நான்காவது ஊசி வழியாகக் கட்டளை பெறும். மூன்று ஊசி ஃபேனுக்கு அந்த ஊசி இல்லை, எனவே போர்டு வோல்ட்டைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்க முடியும். நல்ல போர்டில் ஒவ்வொரு முனைக்கும் இந்த இரண்டு முறைகளில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். சில மலிவுப் போர்டுகளில் பிராசஸர் ஃபேன் முனை மட்டும் அடங்கும், கேபினட் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் ஓடும்.

இதை வாங்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். நிறுவனத்தின் தளத்தில் போர்டின் கையேடு இலவசமாகக் கிடைக்கும். அதில் பயாஸ் (போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரை) பற்றிய பகுதியைத் திறந்து, ஏசஸில் 'கியூ-ஃபேன்', ஜிகாபைட்டில் 'ஸ்மார்ட் ஃபேன்', ஏஎஸ்ராக்கில் 'ஃபேன்-டாஸ்டிக் டியூனிங்', எம்எஸ்ஐயில் 'ஹார்டுவேர் மானிட்டர்' என்ற தலைப்பைத் தேடுங்கள். மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். எல்லா முனைகளையும் கட்டுப்படுத்த முடிகிறதா? எந்த உணரியின் வெப்பத்தை வைத்து ஃபேன் ஓட வேண்டும் என்று நாமே சொல்ல முடிகிறதா? வேகம் ஏறுவதற்குச் சில நொடி தாமதம் வைக்க முடிகிறதா?

கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரே சீராக ஓடும் மெல்லிய ஒலியைக் காது ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும். ஏறி இறங்கும் ஒலியை ஒருபோதும் மறக்காது. ரிமோட்டில் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் பிராசஸர் இரண்டு நொடி சூடாகி ஆறும். தாமதம் வைக்காத ஃபேன் ஒவ்வொரு முறையும் பெருமூச்சு விடும்.

பிராசஸர் கூலர் எதுவானாலும், மேலிருந்து கீழ்நோக்கிக் காற்றடிக்கும் வகையையே தேர்ந்தெடுங்கள். நாக்டுவா என்எச்-எல்9ஐ போன்ற 37 மில்லிமீட்டர் உயரக் கூலர்கள் அப்படிப்பட்டவை. பிராசஸரைக் குளிர்வித்த காற்று வழிந்து விஆர்எம் மேலும் பாயும். கோபுரம்போல் நின்று பக்கவாட்டில் ஊதும் கூலரில் இந்தப் பலன் இல்லை.

ஏழாம் படி: பின்பக்க இணைப்புகள்

எச்டிஎம்ஐ 2.0 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 1.4 என்றால் 4கே திரையில் நொடிக்கு 30 படங்கள்தான். எழுத்து நகர்வதே திக்கித் திக்கித் தெரியும். குறிப்பில் '4096×2160, 60 ஹெர்ட்ஸ்' என்ற வரியைக் கண்ணால் பார்த்த பிறகே வாங்குங்கள். லேன் முனை கட்டாயம். டிவி ரிமோட்டாலேயே கணினியை இயக்கும் சிஇசி வசதி பெரும்பாலான கணினிப் போர்டுகளில் இருக்காது, அதற்கு யுஎஸ்பியில் செருகும் அகச்சிவப்பு ஏற்பி தனியாக வாங்க வேண்டும். ஒலி எச்டிஎம்ஐ வழியாகவே டிவிக்கோ, ஒலிபெருக்கிகளை இயக்கும் ரிசீவருக்கோ போய்விடும் என்பதால் போர்டின் ஒலிச் சில்லுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கடையில்

சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் இணையக் கடையாக இருந்தாலும், மாடல் பெயரை முழுமையாக, கடைசி எழுத்து வரை சொல்லிக் கேளுங்கள். பெயரின் நடுவில் ஓர் எழுத்து மாறினால் வேறு போர்டு. ஒரே பெயரில் 'ரெவ் 1.0', 'ரெவ் 2.0' என்று இரண்டு பதிப்புகள் வருவதும் உண்டு. அவற்றில் விஆர்எம் பாகங்களே மாறியிருக்கலாம். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, ஹீட் சிங்க்கை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் அடியில் உள்ள வெப்பப் பட்டை சரியாகப் படியவில்லை என்று பொருள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்" என்பார்கள். வேறு பெட்டியை எடுக்கச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: பொருத்தியதும் பயாஸில் செய்ய வேண்டியவை

புதுப் போர்டுகள் வேகத்தைக் காட்டுவதற்காக மின் வரம்பைத் தளர்த்தி வைத்து வருவது வழக்கம். ஐ3-12100 இன் அடிப்படை அளவு 60 வாட், உச்ச அளவு 89. ஐ5-12400 இல் அது 65, 117. நம் வேலைக்கு இவ்வளவும் தேவையில்லை. பயாஸில் பிஎல்1 (நீடித்த வரம்பு) என்ற இடத்தில் 35, பிஎல்2 (உச்ச வரம்பு) என்ற இடத்தில் 50 என்று எழுதுங்கள். ஏஎம்டியில் 'ஈகோ மோட்' அல்லது 'சிடிடிபி' என்ற பெயரில் 45 அல்லது 35 வாட் கிடைக்கும். கூடுதல் விலை கொடுத்து 35 வாட் 'டி' வகைப் பிராசஸரைத் தேடி அலைய வேண்டாம், சாதாரண வகையையே இப்படிக் கட்டிப்போடலாம். படம் ஓடுவதில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

பிறகு ஃபேன் வரைகோடு, அதாவது எந்த வெப்பத்தில் எவ்வளவு வேகம் என்ற கணக்கு. என் வீட்டில் 55 டிகிரி வரை 25 சதவீதம், 65 இல் 40, 75 இல் 60, 85 இல் 100. குளிர் நாட்டுக்காரர்கள் 40 டிகிரியிலிருந்தே ஏற்றத் தொடங்குவார்கள். இங்கே மே மாதத்தில் கணினி சும்மா இருக்கும்போதே 50ஐத் தொடும் என்பதால், அந்தக் கோட்டைப் பின்பற்றினால் ஃபேனுக்கு ஓய்வே இருக்காது.

'சி-ஸ்டேட்' எல்லாவற்றையும் இயக்கி வையுங்கள், அதுதான் சும்மா இருக்கும் பிராசஸரைத் தூங்க வைக்கும். 'எர்ப்' என்ற அமைப்பை இயக்கினால் அணைத்த நிலையில் மின்சாரம் மிச்சமாகும், ஆனால் யுஎஸ்பிக்கும் மின்சாரம் நின்று ரிமோட்டால் எழுப்ப முடியாமல் போகும். 'ரெஸ்டோர் ஏசி பவர் லாஸ்' என்பதை அணைத்தே வையுங்கள். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் கணினி நள்ளிரவில் தானாக விழித்துக்கொள்ளக் கூடாது. போர்டில் வண்ண விளக்குகள் இருந்தால் அதையும் இங்கேயே அணைத்துவிடலாம்.

ஒன்பதாம் படி: எங்கே வைப்பது?

எவ்வளவு நல்ல போர்டாக இருந்தாலும் கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் அடைத்தால் வீணாகிவிடும். கதவைத் திறந்து வையுங்கள், அல்லது பின்பலகையில் கையகலத்துக்கு ஓர் ஓட்டை போடுங்கள். செட்-டாப் பாக்ஸைக் கணினியின் மேல் அடுக்காதீர்கள், அதுவும் ஒரு சூட்டுப் பெட்டி. எங்கள் வீட்டில் அம்மா ஆசையாகப் பூ பின்னிய துணி ஒன்றைக் கேபினட்டின் மேல் விரித்திருந்தார். சரியாகக் காற்றுத்துளைகளின் மேல். அன்று மாலை பிராசஸர் 15 டிகிரி கூடுதலாகக் காட்டிய காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. துணி இப்போது டிவி மேசையின் ஓரத்தில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கிறது.

பின்பக்கத்தில் கார்டு செருகாத இடங்களின் தகட்டு மூடிகளைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். இளஞ்சூடான பெட்டி பல்லிக்கும் எறும்புக்கும் பிடித்த இடம். பல்லி ஒன்று விஆர்எம் பின்புறம் ஊர்ந்தால் போர்டு முடிந்தது. காற்றுத்துளைகளின் மேல் மெல்லிய நைலான் வலையை ஒட்டுங்கள், மாதம் ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள்.

கடைசிப் படி: சோதனை

இதற்கு நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். வெப்பத்தைச் சோதிக்கக் கோடையின் பிற்பகல் இரண்டு மணி, ஒலியைச் சோதிக்க இரவு பதினொரு மணி.

பிற்பகலில் ஏசி போடாமல், ஏவி1 முறையில் வரும் 4கே காணொளி ஒன்றை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ, லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் வழியாக அளவுகளைப் பாருங்கள். பிராசஸர் 75 டிகிரிக்குள், விஆர்எம் 85க்குள், எஸ்எஸ்டி 65க்குள் நின்றால் நல்ல தேர்வு. பிராசஸர் உழைப்பு 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 80, 90 என்று நின்றால் வன்பொருள் விரிப்பு நடக்கவில்லை; அது போர்டின் குற்றமில்லை, கிராஃபிக்ஸ் டிரைவரையும் பிரவுசர் அமைப்பையும் சரிபாருங்கள். சில மலிவுப் போர்டுகளில் விஆர்எம் உணரியே இருக்காது. அப்போது கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஹீட் சிங்க்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மூன்று நொடி வைத்திருக்க முடிந்தால் கவலையில்லை.

இரவில் மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து படத்தை இடைநிறுத்துங்கள். ஃபேன் ஒலி கேட்டால் வரைகோட்டின் முதல் புள்ளியை ஐந்து சதவீதம் இறக்கி மறுபடியும் கேளுங்கள். ஃபேன் இல்லாமலேயே கீச்சென்ற மெல்லிய ஒலி வந்தால் அது சோக் சுருளின் அதிர்வு. பயாஸில் மின் வரம்பை இன்னும் சற்றுக் குறைத்தால் பல நேரம் அடங்கும், அடங்காவிட்டால் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் போர்டைக் கடைக்கு எடுத்துப் போங்கள். வீட்டில் காது கூர்மையானவர் யாரோ அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை இன்றும் அம்மாவுடையது.